உள்ளங்கைக் களம் – 9: 399 டாலர்

2021 ஜூலை 15, வியாழக்கிழமை.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டிலுக்குப் பக்கத்து ஊரான பெல்வியூவில் இருக்கிறது வால்வ் நிறுவனம். அன்று அது தன் இணையதளத்தில் ஒரு கருவியின் படத்தை வெளியிட்டது. கறுப்பு உடல். நடுவில் ஏழு அங்குலத் திரை. இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்கு வாகாக ஜாய்ஸ்டிக்குகள், அவற்றை ஒட்டிப் பொத்தான்கள், அவற்றுக்குக் கீழே சின்னஞ்சிறு சதுரமாக இரண்டு தொடுபரப்புகள். பெயர், ஸ்டீம் டெக்.

படத்தைப் பார்த்து யாரும் திடுக்கிடவில்லை. இதே மாதிரியான கையடக்கக் கருவி நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்து நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன. ஒன்பது நாள் முன்புதான், ஜூலை 6-ம் தேதி, ஓஎல்இடி திரை வைத்த புதிய ஸ்விட்சை நிண்டெண்டோ அறிவித்திருந்தது. வால்வ் ஏதோ ஒரு கையடக்கக் கருவி செய்கிறது என்ற பேச்சும் மே மாதத்திலிருந்தே அடிபட்டுக்கொண்டிருந்தது.

திடுக்கிட வைத்தது விலை.

399 டாலர்.

சென்ற வாரம் வரை நாம் சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் இருந்தோம். 2016-ல் ஜிபிடி என்ற சிறு நிறுவனம் ஐந்தரை அங்குலத் திரைக்குள் முழு விண்டோஸ் 10-ஐ ஏற்றி, இண்டிகோகோ தளத்தில் மக்களிடம் முன்பணம் திரட்டி விற்ற கதையைப் பார்த்தோம். 2018-ல் அதன் வாரிசான வின் 2, 2021-ல் வின் 3, அதே ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் அயா நியோ என்று வரிசை நீண்டது. அவர்களுக்கும் முன்னால் 2008-ல் பணம் கட்டிவிட்டு 2010 வரை காத்திருந்த ஓபன்பண்டோரா ரசிகர்களையும், 2014-ல் அறிவிக்கப்பட்டு 2021-ல் திவாலாகிப்போன ஸ்பெயினின் ஸ்மாக் இசட் கனவையும் சந்தித்தோம்.

இவர்கள் எல்லோரும் முட்டி நின்ற சுவர் ஒன்றுதான். நல்ல கேம்கள் ஓடக்கூடிய ஒரு கையடக்கக் கணினியைச் செய்தால் விலை 800 டாலரை ஒட்டியோ அதற்கு மேலேயோ போய் நின்றது. அந்த விலையைக் கொடுக்க உலகெங்கும் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். கோடிப் பேர் இல்லை.

அந்தச் சுவரின் பாதி உயரத்தில் ஒருவர் வாசல் திறந்துவிட்டார். எப்படி முடிந்தது?

விடை அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இல்லை. ஒன்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

* * *

குத்தகை நிலம்

கேப் நியூவெல் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மைக்ரோசாஃப்டில் சேர்ந்தவர். 13 ஆண்டுகள் அங்கே இருந்தார். விண்டோஸின் முதல் மூன்று பதிப்புகளும் அவர் பங்களிப்போடு வெளிவந்தவை. 1996-ல் மைக் ஹாரிங்டன் என்ற சக ஊழியரோடு வெளியேறி வால்வைத் தொடங்கினார். 1998-ல் ஹாஃப்-லைஃப் என்ற கேம் வந்தது, பெயர் நிலைத்தது. 2003 செப்டம்பரில் ஸ்டீம் வந்தது.

ஸ்டீம், கணினி கேம்களை இணையம் வழியே விற்கும் கடை. தொடக்கத்தில் வால்வின் சொந்த கேம்களைப் புதுப்பிக்கத்தான் அது பயன்பட்டது. பிறகு மற்றவர்களின் சரக்கும் வந்து இறங்கியது. பத்து ஆண்டுக்குள் கணினி கேம் என்றாலே ஸ்டீம் என்றாகிவிட்டது. விற்கும் கேம்களில் பெரும்பாலானவற்றில் 30 சதவீதம் கடைக்கு.

ஆனால் அந்தக் கடை நின்ற நிலம் வால்வுக்குச் சொந்தமில்லை. கேம்கள் ஏறக்குறைய எல்லாமே விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. குத்தகை நிலத்தில் தோப்பு வளர்த்தவரின் நிலைமை. மரம் காய்க்கும்வரை கவலை இல்லை. நிலத்துக்காரர் தானே விவசாயம் பார்க்கப்போகிறேன் என்று சொல்லும் நாள் வரும்.

2012-ல் அந்த நாள் வந்ததாக நியூவெல் நினைத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் 8 வரவிருந்தது. அதனுள் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கடை. கூடவே விண்டோஸ் ஆர்டி என்று ஒரு பதிப்பு. அதில் அந்தக் கடை வழியாக வரும் செயலிகளை மட்டுமே வாடிக்கையாளர் நிறுவ முடியும். ஆப்பிள் 2008-லேயே ஐபோனில் அப்படி ஒரு கதவைப் போட்டு, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தது. அதே கதவு விண்டோஸிலும் மாட்டப்பட்டால் ஸ்டீம் எங்கே நிற்கும்?

ஜூலையில் சியாட்டிலில் நடந்த கேஷுவல் கனெக்ட் மாநாட்டில் நியூவெல் பகிரங்கமாகவே பேசினார். விண்டோஸ் 8 கணினித் துறையில் இருக்கும் எல்லோருக்கும் பேரழிவு என்றார். தன் இளமையைக் கொடுத்து விண்டோஸைக் கட்டியவர் வாயிலிருந்து வந்த சொல் அது.

அவர் பயந்தது தன் கடைக்காகத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். யாருடைய அனுமதியும் கேட்காமல் எவரும் எதையும் எழுதி ஓட்டலாம் என்ற திறந்தவெளியில்தான் கணினி கேம் என்ற கலையே வளர்ந்தது. அந்த வெளிக்கு வேலி போடுவதைக் கண்டு ஒருவர் குரல் எழுப்பினால், அவருக்கு அதில் லாபம் உண்டு என்பதற்காக அந்தக் குரலைத் தள்ளிவிட முடியாது.

2013 பிப்ரவரியில், யாரும் வேலி போட முடியாத திறந்த மூல இயங்குதளமான லினக்ஸுக்கான ஸ்டீம் வெளிவந்தது. செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில், கேமின் எதிர்காலம் லினக்ஸில்தான் என்று நியூவெல் மேடையேறிச் சொன்னார். அடுத்த சில நாட்களில் ஸ்டீம் ஓஎஸ் என்ற சொந்த இயங்குதளத்தை வால்வ் அறிவித்தது. டிசம்பரில் அந்த இயங்குதளம் ஓடும் 300 சோதனைப் பெட்டிகள் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போயின.

சொந்த நிலம் தேடும் படலம் ஆரம்பம்.

* * *

2015 நவம்பர் 10

அந்த நாளில் ஸ்டீம் மெஷின்கள் கடைக்கு வந்தன.

வரவேற்பறை டிவிக்குக் கீழே வைக்கும் சிறிய கணினிகள் அவை. வால்வ் தானே செய்யவில்லை. ஏலியன்வேர் போன்ற நிறுவனங்கள் ஆளுக்கொரு மாதிரி செய்தன. ஒன்று 450 டாலர் அளவில். இன்னொன்று ஆயிரங்களில். எது யாருக்கு என்று வாடிக்கையாளருக்குப் புரியவில்லை. ஏலியன்வேரோ, இயங்குதளம் தாமதமானதால் ஒரு வருடம் முன்பே அதே பெட்டியில் விண்டோஸை ஏற்றி விற்றிருந்தது.

இவை சில்லறைக் குறைகள். அடிப்படைக் குறை வேறு. பெட்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து இணைப்பைக் கொடுத்தால், தன் ஸ்டீம் கணக்கில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த கேம்களில் பெரும்பகுதி அதில் ஓடவில்லை. விண்டோஸுக்காகச் செய்த கேமை லினக்ஸுக்காக மறுபடியும் செய்ய வேண்டும். அதற்குச் செலவு உண்டு. ஆட்கள் வரட்டும், கேம் செய்கிறோம் என்றார்கள் கேம் செய்பவர்கள். கேம் வரட்டும், வாங்குகிறோம் என்றார்கள் ஆட்கள்.

கல்யாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் முடியும்.

ஓடிய கேம்களும் விண்டோஸில் ஓடியதைவிட மெதுவாக ஓடின. விற்பனை படுத்தது. 2018 வசந்தத்தில் ஸ்டீம் தளத்தின் முகப்பிலிருந்து அந்தப் பெட்டிகளின் பெயரே சத்தமில்லாமல் நீங்கியது. கூடவே வந்த, கேம் ஆடும் கைப்பிடியான ஸ்டீம் கன்ட்ரோலரின் கையிருப்பை 2019 நவம்பரில் ஐந்து டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். இந்த ஐந்து டாலரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது திரும்பி வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கையடக்கக் கணினிகளின் வரலாற்றில் மிக முக்கியமான முடிவு எதுவென்று என்னைக் கேட்டால், 2021-ன் அறிவிப்பைச் சொல்லமாட்டேன். 2018-ல் எடுத்த முடிவைச் சொல்வேன்.

ஒரு பெரிய நிறுவனத்தின் திட்டம் தோற்றால் என்ன நடக்கும்? குழுவைக் கலைப்பார்கள். ஆட்கள் வேறு வேலைக்குப் போவார்கள். எழுதியதெல்லாம் பரணுக்குப் போகும். ஸ்டீம் மெஷின்கள் முகப்பிலிருந்து மறைந்ததும் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அப்போது வால்வின் லினக்ஸ் குழுவிலிருந்து பியர்-லூ கிரிஃபே ஒரு குறிப்பு வெளியிட்டார். பெட்டிகள் விற்கவில்லை என்பது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் காரணங்களைக் கற்றுக்கொண்டோம், லினக்ஸ் வேலை நிற்கவில்லை, இப்போது சொல்ல முடியாத சில முயற்சிகளும் நடக்கின்றன என்றார்.

படித்தவர்களில் பலர் அதை ஒரு சம்பிரதாய ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

நான்கே மாதம்.

* * *

துபாஷி

கம்பெனிக் காலத்துச் சென்னையிலும் புதுச்சேரியிலும் துபாஷி என்று ஒருவர் இருப்பார். வெள்ளைக்காரருக்குத் தமிழ் வராது. நெசவாளருக்கு ஆங்கிலமோ பிரெஞ்சோ வராது. துபாஷி நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுவார். துணி கைமாறும்.

2018 ஆகஸ்ட் 21-ம் தேதி வால்வ் வெளியிட்ட ப்ரோட்டான் என்ற மென்பொருள் அப்படி ஒரு துபாஷி.

விண்டோஸுக்காக எழுதிய கேம், விண்டோஸோடு பேசுவதாக நினைத்துக்கொண்டே பேசும். கோப்பைத் திற, ஒலியை எழுப்பு, இந்த முக்கோணத்தை இந்த நிறத்தில் வரை. எதிரில் இருப்பது லினக்ஸ். ப்ரோட்டான் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வேண்டுகோளையும் லினக்ஸுக்குப் புரியும் சொல்லாக மாற்றித் தரும். கேமுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. கேம் செய்தவர் ஒரு வரிகூடத் திருத்தி எழுத வேண்டியதில்லை.

பெட்டி, கேம், ஆள் என்று சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் அங்கே அறுந்தது.

இந்தத் துபாஷி ஓர் இரவில் பிறந்தவர் அல்ல. அடித்தளம், வைன் என்ற திறந்த மூல மென்பொருள். 1993-ல் தொடங்கியது, 1994-லிருந்து அலெக்ஸாந்தர் ஜூலியார் தலைமையில் தன்னார்வலர்கள் கால் நூற்றாண்டாகச் செதுக்கி வந்தது. அலுவலக மென்பொருள்களுக்கு அது ஓரளவு போதும். கேம்களில் திணறியது. முப்பரிமாணக் காட்சிகளை வரைய விண்டோஸ் கேம்கள் டைரக்ட்3டி என்ற மொழியில் பேசின. அதை வேகம் குறையாமல் மாற்றித் தர ஆள் இல்லை.

அந்த ஆள் வந்தது ஆசையால். ஃபிலிப் ரெபோல் என்ற நிரலாளருக்கு நியர்: ஆட்டோமேட்டா என்ற ஜப்பானிய கேமை லினக்ஸில் ஆட வேண்டும். அது டைரக்ட்3டி 11-ல் பேசும் கேம். 2016-ல் வல்கன் என்ற புதிய, திறந்த கிராஃபிக்ஸ் மொழி வந்திருந்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற மென்பொருளைத் தன் ஓய்வு நேரத்தில் எழுத ஆரம்பித்தார். வால்வ் கவனித்தது. முழுநேரமும் அதையே செய்யுங்கள் என்று சம்பளம் கொடுத்தது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் வைனை நம்பித் தொழில் நடத்திவந்த கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடும் வால்வ் கை கோத்திருந்தது. வைனும் டிஎக்ஸ்விகேயும் வேறு பல துண்டுகளும் சேர்ந்து ப்ரோட்டான் ஆயின. முதல் நாளில் வால்வ் தைரியமாகச் சான்றளித்த கேம்கள் 27 மட்டுமே. பட்டியலில் இல்லாததையும் முயன்று பார்க்கலாம் என்று ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தார்கள். மக்கள் முயன்றார்கள். எது ஓடுகிறது, எது திணறுகிறது என்று ஆயிரக்கணக்கில் எழுதிச் சேர்த்தார்கள். மாதந்தோறும் ஓடும் கேம்கள் பெருகின.

காசு கொடுத்த நிறுவனத்தின் பெயரைவிட, காசில்லாத காலத்திலும் உட்கார்ந்து எழுதிய அந்தத் தன்னார்வலர்களின் உழைப்பை நினைக்கும்போதுதான் எனக்கு மனம் நெகிழ்கிறது. ஷென்ஜென் நகரத்தின் கருவிகளைத் தயாரித்தவர்களுக்கும் அந்த நிரல்கள் திறந்தே கிடந்தன. எடுத்தாள அவர்களிடம் ஆள்பலம் இல்லை. ஒவ்வொரு கருவியிலும் விண்டோஸை ஏற்றினார்கள். மேசைக் கணினிக்காகச் செய்த சின்னச் சின்ன ஐகான்களை ஐந்தங்குலத் திரையில் நகத்தால் தொட்டுப் பழகச் சொன்னார்கள்.

* * *

பதினைந்து வாட்

இனி பெட்டிக்குள் போகலாம்.

அன்றைக்கு மேசைக் கணினியில் கேம் ஆடுபவர்கள் ஏங்கிய என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் 320 வாட் மின்சாரம் தின்னும். ஸ்டீம் டெக்கின் சிப் மொத்தத்துக்கும் உச்ச வரம்பு 15 வாட். கையில் பிடிக்கும் பொருளில் அதற்கு மேல் போனால் சூடு தாங்காது, பேட்டரி நிற்காது.

சீனத் தயாரிப்பாளர்கள் கடையில் கிடைத்த மடிக்கணினிச் சிப்பையே வாங்கினார்கள். அயா நியோவில் இருந்த ஏஎம்டி ரைசன் 4500யு ஆறு கோர் கொண்டது. அலுவலகக் கணக்குக்கு அது நல்ல சிப். அதில் கிராஃபிக்ஸ் பகுதி பழைய வேகா வகை. கேமுக்குத் தேவை அதற்கு நேர்மாறான பங்கீடு.

வால்வும் ஏஎம்டியும் சேர்ந்து அந்தப் பங்கீட்டைத் திருப்பிப் போட்ட ஒரு சிப்பைத் தந்தன. நான்கே ஸென் 2 கோர்கள். கிராஃபிக்ஸுக்கு எட்டு ஆர்டிஎன்ஏ 2 அலகுகள். பிளேஸ்டேஷன் 5-லும் அப்போதைய எக்ஸ்பாக்ஸிலும் இருந்த அதே தலைமுறை. 16 ஜிபி நினைவகம். ஃபைனல் ஃபேன்டஸி VII கதாபாத்திரத்தின் பெயரால் அந்தச் சிப்பை ஏரித் என்று அழைத்தார்கள்.

அடுத்தது திரை. 1280 பெருக்கல் 800 புள்ளிகள். அறிவிப்பு வந்ததும் பலர் முகம் சுளித்தது இங்கேதான். 2021-ல் ஒரு சாதாரணக் கைபேசித் திரைகூட இதைவிடக் கூர்மையாக இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தத் திரையில் சுமார் 10 லட்சம் புள்ளிகள். முழு எச்டி திரையில் 20 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு புள்ளியையும் அந்தச் சிப்தான் வரைந்தாக வேண்டும். புள்ளிகளைப் பாதியாக்கியதால், 15 வாட்டில் நடக்காத காரியம் நடந்தது. இந்தக் கருவியில் எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது என்று நான் கருதுவது இந்தத் திரையைத்தான். விளம்பரத்தில் எடுபடாது என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

பேட்டரி 40 வாட்-மணி. பெரிய கேம் ஒன்று கருவியை முழுதாக உறிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் தேறினாலே அதிகம். எடை 669 கிராம். தொடுபரப்புகள்? மவுஸுக்காகச் செய்த கேம்களை விரலால் ஆட வைக்கும் அந்த உத்தி, ஐந்து டாலருக்குத் தள்ளிவிட்ட ஸ்டீம் கன்ட்ரோலரிலிருந்து வந்தது.

இயங்குதளம், அடியோடு புதுப்பித்த ஸ்டீம் ஓஎஸ் 3. அதற்குள் துபாஷி.

எல்லாம் சரி. விலை?

399 டாலருக்குக் கிடைத்தது 64 ஜிபி சேமிப்பிடம் கொண்ட அடிப்படைப் பதிப்பு. 256 ஜிபி 529 டாலர்; 512 ஜிபி 649. அடிப்படை விலையை எட்டுவது வலி மிகுந்ததாக இருந்தது, ஆனால் அது தவிர்க்க முடியாதது என்ற பொருளில் நியூவெல் ஐஜிஎன் பேட்டியில் சொன்னார்.

அந்த வலியை வால்வ் தாங்கக் காரணம் கடை. ஜிபிடி ஒரு கருவியை விற்றால் அந்த விற்பனையோடு கணக்கு முடிந்தது. செலவும் லாபமும் அந்த ஒரு விலைக்குள்ளேயே வர வேண்டும். வால்வுக்கு அங்கேதான் கணக்கு ஆரம்பம். கருவியை வாங்கியவர் அடுத்த ஐந்து ஆண்டு ஸ்டீமில் கேம் வாங்குவார். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 30 சதவீதம். கேம் கன்சோல்களில் நெடுங்காலமாக உள்ள வியாபாரம்தான் இது. ஒரு முழுக் கணினியை, பூட்டுப் போடாமல், வேண்டுமென்றால் நீங்களே விண்டோஸை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அந்தக் கணக்கில் விற்றதுதான் புதிது.

* * *

ஐந்து டாலர்

ஜூலை 16, அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி. நமக்கு இரவு 10.30.

முன்பதிவு திறந்தது. கட்டணம் ஐந்து டாலர். அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் ஆகிய இடங்களுக்கு மட்டும். இந்தியா பட்டியலில் இல்லை.

பதுக்கி விற்பவர்களைத் தடுக்க வால்வ் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. 2021 ஜூனுக்கு முன்பே ஸ்டீமில் ஏதாவது வாங்கிய கணக்காக இருந்தால்தான் முதல் 48 மணி நேரத்தில் பதியலாம். ஆளுக்கு ஒன்றே ஒன்று.

நிமிடங்களில் தளம் திணறியது. பணம் கட்டப் போனவர்களுக்குப் பிழைச் செய்தி வந்தது. மறுபடி முயன்றார்கள், மறுபடி பிழை. பதிந்து முடித்தவர்களின் வரிசை நீள நீள, டிசம்பர் என்று காட்டிய தேதி 2022-க்குத் தாவியது. ஆறு ஆண்டுக்கு முன் வால்வ் பெட்டி வேண்டாம் என்று போனவர்கள், தாங்கள் கையில் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு பொருளுக்காக வரிசையில் நின்றார்கள்.

நவம்பரில் கெட்ட செய்தி. பெருந்தொற்றுக் கால உதிரிபாகத் தட்டுப்பாடு. இரண்டு மாதம் தாமதம். சந்தேகங்கள் தலைதூக்கின. வால்வ் கன்ட்ரோலரைக் கைவிட்டது, கணினி கேமை டிவியில் காட்டும் ஸ்டீம் லிங்க் பெட்டியைக் கைவிட்டது, இதையும் கைவிடாது என்று என்ன நிச்சயம்?

2022 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை. முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு மின்னஞ்சல் போனது. வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க 72 மணி நேரம். 28-ம் தேதி முதல் பெட்டிகள் கிளம்பின. சியாட்டில் பக்கத்தில் சிலருடைய வீடுகளுக்கு நியூவெல் தானே போய்க் கதவைத் தட்டிக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அன்றுதான் எல்டன் ரிங் வெளிவந்தது.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்த அந்த கேமை உலகமே எதிர்பார்த்திருந்தது. விண்டோஸ் கணினிகளில் அது திக்கித் திக்கி ஓடியது. விலை உயர்ந்த கார்டுகளிலும் குதிரை நடுவழியில் ஒரு கணம் உறைந்து, பிறகு பாயும். வெளியீட்டாளர்கள் வருத்தம் தெரிவிக்கும் அளவுக்குப் போனது.

பெல்வியூவில் கிரிஃபேயின் குழு அதைக் கூர்ந்து பார்த்தது. கேம் சில கணங்களில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேண்டுகோள்களை மொத்தமாகக் கொட்டுகிறது. நினைவகத்தைப் பங்கிடும் பகுதி மூச்சுத் திணறுகிறது. கேமைத் திருத்த அவர்களுக்கு உரிமை இல்லை. துபாஷியைத் திருத்தலாம் அல்லவா? ஒருமுறை பங்கிட்ட நினைவகத்தைச் சேமித்து வைத்து மறுபடி எடுத்துத் தரும்படி மாற்றினார்கள். இன்னொரு வசதியும் இருந்தது. உலகத்தில் உள்ள ஸ்டீம் டெக் எல்லாவற்றிலும் ஒரே சிப். ஆகவே காட்சிகளை வரைவதற்கான ஷேடர் நிரல்களை முன்பே சமைத்து, கேமோடு சேர்த்தே அனுப்பிவிடலாம். ஆடும்போது காத்திருக்க வேண்டாம்.

சில நாட்களில் அந்தத் திக்கல் பெருமளவு மறைந்தது. விண்டோஸுக்காகச் செய்த ஒரு கேம், விண்டோஸே இல்லாத 399 டாலர் கருவியில், அந்த ஒரு விஷயத்தில் விண்டோஸைவிடச் சீராக ஓடியது. டிஜிட்டல் ஃபவுண்ட்ரி போன்ற விமர்சகர்கள் அளந்து காட்டினார்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் ஒரு படி குறைவாகத்தான் இருக்கும் என்று 25 ஆண்டுகளாக நிலவிய எண்ணத்தை அந்த வாரம் அசைத்தது.

* * *

திறக்காத கதவு

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. முதல் நாட்களில் விசிறிச் சத்தம் பலரை எரிச்சலூட்டியது. இயங்குதளம் முழுதாக வெந்திருக்கவில்லை. வாரந்தோறும் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன.

ஒரு கதவு மட்டும் திறக்கவே இல்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கக் காவல் மென்பொருள் இருக்கும். அது இயங்குதளத்தின் ஆழம்வரை போய் உளவு பார்க்கும். லினக்ஸின் ஆழத்தில் அந்தக் காவல் எடுபடுமா என்று சில நிறுவனங்கள் சந்தேகப்பட்டன. காவல் மென்பொருள் செய்பவர்கள் ப்ரோட்டானுக்கு வழி செய்து கொடுத்த பிறகும், ஃபோர்ட்நைட்டைக் கொண்டுவரப் போவதில்லை என்று எபிக் நிறுவனத்தின் டிம் ஸ்வீனி 2022 பிப்ரவரியில் அறிவித்தார். டெஸ்டினி 2-ஐ ஸ்டீம் ஓஎஸ்ஸில் குறுக்கு வழியில் ஓட்டினால் கணக்கே முடக்கப்படும் என்றது பஞ்சி நிறுவனம். உலகில் மிக அதிகம் பேர் ஆடும் கேம்கள் சிலவற்றுக்குள் துபாஷியால் நுழைய முடியவில்லை.

அதாவது, விண்டோஸுக்கு இன்னும் ஒரு வலுவான காரணம் மிச்சம் இருந்தது.

2022 முழுவதும் பெரிய கணினி நிறுவனங்கள் வேடிக்கை பார்த்தன. 800 டாலரில் சில ஆயிரம் பேர் வாங்கிய சந்தையை அவை திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது வரிசை கண்ணெதிரே நின்றது. ஏஎம்டியிடமும் அடுத்த தலைமுறைச் சிப் தயாராகிக்கொண்டிருந்தது. இந்த முறை அது வால்வுக்கு மட்டுமான சிப் அல்ல.

2023 ஏப்ரல் 1. தாய்வானின் ஏசுஸ் ஒரு காணொளியை வெளியிட்டது. கையில் பிடித்து ஆடும் வெள்ளை நிறக் கணினி. ஏப்ரல் முட்டாள் தினம் என்பதால் பாதிப் பேர் அதைப் பகிடி என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள்.

பகிடி இல்லை. வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது விண்டோஸ் 11.

ஏசுஸுக்குக் கேம் கடை இல்லை. 30 சதவீதம் இல்லை. கருவியில் விட்டதைப் பின்னால் எடுக்க வழி இல்லை. ஷென்ஜென் நிறுவனங்களை 800 டாலர் சுவரில் மோதவைத்த அதே கணக்கு. ஏழங்குலத் திரையில் விண்டோஸ் எவ்வளவு தடுமாறும் என்பதும் ஊரறிந்த விஷயம். அப்படியிருந்தும், எந்த விண்டோஸிலிருந்து தப்பிக்க வால்வ் ஒன்பது ஆண்டு உழைத்ததோ, அதே விண்டோஸை நம்பி உலகின் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்று இந்தக் களத்தில் இறங்கியது ஏன்?

(தொடரும்)